இலையில் இல்லாதது

கெத்தும் இலையைக் கையில் வாங்கிப் பார்த்தால் பயப்பட அதில் ஒன்றும் இல்லை. உள்ளங்கையைவிடச் சற்று நீளம். பளபளக்கும் கரும்பச்சை. நரம்பு சில மரங்களில் சிவப்பு, சிலவற்றில் வெளிர்பச்சை. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. ஈரம் வற்றாத ஆற்றோரமும் தாழ்ந்த நிலமும் இதற்குப் பிடிக்கும். மலேசியாவின் பேராக், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் கம்பம் என்று சொல்லும் கிராமங்களில் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும். பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் பிளஸ் ஆற்றை ஒட்டிப் போனால், இதற்குத் தோதான மண்தான். இலையைப் பெரிய பானையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். பால் சேர்க்காத தே-ஓ தேநீரின் நிறம். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகவே சிலர் சிரப் கலந்து குடிக்கிறார்கள். உடம்பு வலி தெரியாமல் வெயிலில் நின்று வேலை செய்ய வேண்டியவர்களின் பானம் இது. மீனவர், லாரி ஓட்டுநர், கட்டட வேலைக்காரர் என்று பட்டியல் நீளும்.

இதே இலையைப் பொடித்து, ‘கிரிப்டான்’ என்று பெயர் சூட்டி, மூலிகைக் கலவை என்று ஐரோப்பாவில் இணையம் வழியாக விற்றார்கள். 2009, 2010 ஆண்டுகளில், ஒரு வருடம்கூட நிறையாத காலத்துக்குள், சுவீடனில் ஒன்பது பேர் அதைச் சாப்பிட்டு இறந்தார்கள். ஒன்பது பேரின் ரத்தத்திலும் கெத்தும் இலையின் முக்கிய வேதிப்பொருளான மித்ரஜினைன் இருந்தது. அதோடு, உலகத்தில் எந்த இலையும் தன் பாட்டில் செய்யாத இன்னொரு பொருளும் இருந்தது. அதன் பெயர் ஓ-டெஸ்மெத்தில்டிரமடால். அதைச் செய்வது மனிதக் கல்லீரல்.

கல்லீரல் செய்யும் ஒரு பொருள் இலைப்பொடிக்குள் எப்படி வந்தது?

அபினும் கள்ளும்

பேராக் மண்ணுக்குப் போதை புதிதல்ல. லாருட்டிலும் கிந்தாவிலும் ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளிக்கு அபின், தோட்டத்தில் பால் வெட்டிய தமிழனுக்குக் கள்ளு என்று காலனி அரசு பங்கு பிரித்து வைத்திருந்தது. இரண்டிலும் கஜானாவுக்கு வருமானம். அபின் விற்கும் உரிமையை முதலில் குத்தகைக்கு விட்டார்கள், பிறகு அரசே எடுத்து நடத்தியது. மலாயா ஜப்பானியர் கையில் இருந்த 1943 நவம்பரில்தான், திரும்பி வந்தால் இனி அபின் விற்க மாட்டோம் என்று பிரிட்டன் அறிவித்தது. கையில் இல்லாத கடையை மூடுவது சுலபம். கள்ளுக்கடையை மூட அவ்வளவு அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. அதற்குத் தொழிலாளிகளே கிளம்ப வேண்டியிருந்தது. கெடாவில் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தொண்டர் படை 1946, 47-இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்று, போலீசோடு மோதி நசுக்கப்பட்டது தனிக்கதை.

அபினை விட்டொழிக்க மாற்று தேடும் வேலை அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. 1906 வாக்கில் மலாயாவில் ஒரு காட்டுக்கொடி திடீரென்று புகழ் பெற்றது. அதன் இலையை வறுத்துக் கஷாயம் வைத்து, அபின் பழக்கமுள்ள சீனத் தொழிலாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். கொடுத்த முறைதான் அழகு. ஆளுக்கு இரண்டு புட்டி கஷாயம். ஒரு புட்டியில் மட்டும் அவர் வழக்கமாக எடுக்கும் அளவைக் கணக்கிட்டு அபின் சாம்பலைக் கரைத்துவிடுவார்கள். அபின் உள்ள புட்டியிலிருந்து ஒரு வேளைக்கு உரியதைக் குடித்ததும், குடித்த அளவு வெறும் கஷாயத்தை மற்ற புட்டியிலிருந்து எடுத்து இதில் ஊற்றி நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை. ஒவ்வொரு வேளையும் அபின் அதே விகிதத்தில் நீர்த்துக்கொண்டே போகும். உடம்புக்கு அதிர்ச்சி இல்லை. இரண்டாவது புட்டி காலியாகும்போது முதல் புட்டியில் அபின் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்.

வேதியியலாளர்கள் அந்தக் கொடியின் இலையை ஆராய்ந்தபோது அதில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. குணமாக்கியது இலையல்ல, கணக்கு என்பது என் எண்ணம். இன்று மெத்தடோன் மருந்தகங்களில் மருத்துவர்கள் படிப்படியாக அளவைக் குறைக்கும்போது செய்வதும் இதே கணக்குத்தான். புட்டியில் அபின் இருப்பது குடிப்பவருக்குத் தெரியும், எவ்வளவு என்பதும் தெரியும். அதே காலத்தில் சீனாவில் ‘அபின் எதிர்ப்பு மாத்திரை’ என்று விற்கப்பட்ட பலவற்றில், அபினைவிட வீரியமான மார்ஃபின் சத்தமில்லாமல் கலந்திருந்தது. சாப்பிட்டவர்களுக்கு அபின் ஆசை போனது உண்மை. போகாமல் என்ன செய்யும்?

கெத்தும் இந்தத் தேடலின் நடுவில்தான் அறிவியலின் கண்ணில் பட்டது. தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரான லியோனார்டு ரே, ‘பியாக்’ என்ற பெயரில் இந்த இலை அபினுக்கு மாற்றாகப் பயன்படுவது பற்றி 1907-இல் எழுதினார். எடின்பரோவில் எலன் ஃபீல்டு 1921-இல் இதிலிருந்து மித்ரஜினைனைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் இலையைப் பெரும்பாலும் கிராமத்தார் மட்டுமே நினைவில் வைத்திருந்தார்கள்.

இன்று இதைப் பற்றி ஆழமாக ஆராய்பவர்களில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துப் போதைப்பொருள் ஆய்வு மையத்தினர் முன்னணியில் இருக்கிறார்கள். பாலசிங்கம் விக்னசிங்கமும் சகாக்களும் வட மாநிலங்களில் கெத்தும் குடிக்கும் 136 பேரை விசாரித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் முன்பு வேறு போதைப்பொருள் பழகியவர்கள். ஹெராயினை நிறுத்தும்போது வரும் உடல் வேதனையைத் தணிக்க, மருத்துவரிடம் போகாமல், மலிவாகக் கிடைத்த இந்தத் தண்ணீரைப் பலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் அதே குழு 26 ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தது. பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்து, தாங்க முடியாதபோது எடுக்க வேண்டும். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 வினாடி தாங்கியவர்கள், குடித்து ஒரு மணி நேரம் கழித்து 25 வினாடி தாங்கினார்கள். யாருக்குக் கொடுத்தது கெத்தும், யாருக்குக் கொடுத்தது அதேபோல் கசக்கும் போலி நீர் என்பது குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கம்பத்துப் பெரியவர் ‘வலிக்கு நல்லது’ என்று சொல்லிவந்தது பொய்யல்ல என்று ஆயிற்று. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கெத்தும் சாது என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் பல கோப்பை குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், தசை நோகும், மூக்கும் கண்ணும் ஒழுகும். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி வைத்திருந்தாலோ விற்றாலோ 10,000 ரிங்கிட் வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து, 2021 ஆகஸ்டில் இதைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஒரே மரம், ஒரே ஆறு, இரண்டு சட்டம்.

மூச்சை மறக்கும் மூளை

அபின், மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், கெத்தும் ஆகிய எல்லாமே நரம்பணுக்களின் மேலுள்ள ‘மியூ’ என்ற ஏற்பியில் போய் ஒட்டுகின்றன. நம் உடம்பே தயாரிக்கும் வலிநிவாரணிகளுக்காக அமைந்த ஏற்பி அது. வலியைக் கடத்தும் பாதையிலும் இன்பத்தை உணரும் பகுதியிலும் அது இருக்கிறது. குடலில் இருப்பதால்தான் அபின் சாப்பிட்டவருக்கு மலச்சிக்கல். மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தைப் போடும் சிறு அணுக்கூட்டத்திலும் அது இருக்கிறது. உயிர் போவது அங்கேதான். அந்தக் கூட்டத்துக்கு ‘பிரீ-பாட்சிங்கர்’ என்று பெயர். பாட்சிங்கர் என்பது 1978-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டின்போது மேசையில் இருந்த ஒயின் புட்டியில் கண்ட பெயர். ஆராய்ச்சியாளர்களும் மனிதர்கள்தானே.

நாம் மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிப்பது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால். மூளைத்தண்டு அந்த ஏற்றத்தை உணர்ந்து ‘இழு’ என்று கட்டளையிடும். அபின் வகைப் பொருள் அந்த உணர்ச்சியையே மழுக்கிவிடுகிறது. மூச்சு நிமிடத்துக்குப் பதினான்கிலிருந்து எட்டு, ஆறு, மூன்று என்று இறங்கும்போதும் ஆளுக்குத் தவிப்பு வராது. குறட்டை விட்டுத் தூங்குவதுபோல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ‘அசதியா தூங்குறான், எழுப்பாதே’ என்று போர்த்திவிட்டுப் போவது இதனால்தான். இந்த மரணத்தில் கூச்சல் இல்லை.

அப்படியானால் காலையிலும் மாலையிலும் கெத்தும் குடிப்பவர் எப்படி மூச்சு நிற்காமல் இருக்கிறார்? இரண்டு காரணங்கள். ஏற்பியில் ஒட்டும் பொருள்கள் எல்லாம் அதை ஒரே அளவுக்கு முடுக்குவதில்லை. மார்ஃபினும் ஃபென்டனிலும் பலமாக முடுக்கும். மித்ரஜினைன் அரைகுறையாகத்தான் முடுக்கும். எவ்வளவு ஊற்றினாலும் அதன் முடுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது காரணம் கல்லீரல். மித்ரஜினைனின் ஒரு பகுதியைக் கல்லீரலிலுள்ள நொதி 7-ஹைட்ராக்ஸிமித்ரஜினைன் என்ற பொருளாக மாற்றுகிறது. இது மூலப்பொருளைவிடப் பல மடங்கு வீரியமானது. விலங்குச் சோதனைகளில் மார்ஃபினையும் மிஞ்சியது. இலையில் இது இயற்கையாக இருப்பது மிகச் சொற்பம். உடம்புக்குள்தான் உண்டாகிறது, அதுவும் நொதி ஓடும் வேகத்தில். கல்லீரலை இங்கே ஏரியின் மதகு என்று வைத்துக்கொள்ளலாம். ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் வாய்க்காலில் போவது மதகின் அகலத்தைப் பொறுத்ததே. 2022-இல் வெளியான எலிச் சோதனை ஒன்றில் மித்ரஜினைன் அளவை ஏற்றிக்கொண்டே போனபோது மூச்சுத் தளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிட்டது. 7-ஹைட்ராக்ஸி வடிவத்தை நேரே கொடுத்தபோது அப்படி நிற்கவில்லை. எலி மனிதன் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிராமத்தார் இலைநீர் குடித்துவந்த அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது.

சிறுநீரில் அகப்பட்ட துப்பு

இப்போது கிரிப்டானுக்கு வருவோம். சுவீடனின் லிங்க்ஷொப்பிங் நகரில் ராபர்ட் குரோன்ஸ்ட்ராண்டும் சகாக்களும் ஒன்பது பேரின் ரத்தத்தைப் பகுத்தார்கள். ஒரு கிராம் ரத்தத்தில் மித்ரஜினைன் 0.02 முதல் 0.18 மைக்ரோகிராம். ஓ-டெஸ்மெத்தில்டிரமடால் 0.4 முதல் 4.3 மைக்ரோகிராம். பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தது இலை. ரத்தத்தில் ஓங்கி நின்றது மற்றது, இருபது மடங்கு அளவில். அந்த இரண்டாவது எண்களையே இன்னொரு முறை பாருங்கள். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகத்துக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. ஒரே பெயரில் விற்ற பொடியைச் சாப்பிட்டவர்கள்தான் இவர்கள்.

டிரமடால் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் வலி மாத்திரை. விழுங்கும்போது அது ஏற்பியில் வலுவாக ஒட்டுவதில்லை. கல்லீரல் அதிலிருந்து ஒரு மெத்தில் துணுக்கை வெட்டி எடுத்த பிறகுதான் ஓ-டெஸ்மெத்தில்டிரமடால் பிறக்கிறது. அபின் வேலையைச் செய்வது முக்கியமாக அதுதான். அப்படியானால் இறந்தவர்கள் டிரமடால் மாத்திரை போட்டிருக்கலாம் அல்லவா? நியாயமான சந்தேகம். அதற்கு விடை ஜெர்மனியில் ஒருவரின் சிறுநீரில் கிடைத்தது. கிரிப்டான் சாப்பிட்ட அவருடைய சிறுநீரில் ஓ-டெஸ்மெத்தில்டிரமடால் இருந்தது, டிரமடால் இல்லை. டிரமடாலிலிருந்து கல்லீரல் செய்யும் வேறு பொருள்களும் இல்லை. பிள்ளை இருக்கிறது, தாய் இல்லை, உடன்பிறப்பும் இல்லை. மாத்திரை போட்டிருந்தால் இப்படி இருக்கவே முடியாது. கல்லீரல் செய்ய வேண்டியதை யாரோ ஆய்வுக்கூடத்தில் செய்து இலைப்பொடியோடு கலந்திருக்கிறார்கள் என்று அதைப் பகுத்த ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். எனக்குத் தெரிந்து கலப்படத்தைக் கண்டுபிடித்த கதைகளில் இவ்வளவு சுத்தமான தர்க்கம் குறைவு.

இந்த மதகு எல்லோருக்கும் ஒரே அகலம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டிரமடாலை வெட்டும் நொதிக்கான மரபணுவில் பல வகைகள் உண்டு. நொதியின் வேகத்தைக் குறைக்கும் ஒரு வகை சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் மிகப் பரவலாக இருக்கிறது, இந்திய வம்சாவளியினரிடம் அவ்வளவு இல்லை. சுங்கை சிப்புட் மருத்துவமனையின் ஒரே வார்டில் ஒரே மாத்திரையை விழுங்கும் மூன்று பேருக்கு வலி மூன்று விதமாகக் குறையக்கூடும். நொதி மந்தமாக இருப்பவருக்கு டிரமடால் சரியாக வேலை செய்யாது. அந்தக் குறையே சில நேரம் பாதுகாப்பும் ஆகிறது. மதகைத் தாண்டிய பொருளைப் பொடியில் கலந்துவிட்டால் அந்த வித்தியாசம், பாதுகாப்பு எதற்கும் இடமில்லை.

இந்த மாதிரி கல்லீரலைத் தாண்டிச் செல்வது கிரிப்டானோடு முடியவில்லை. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையக் கடைகளில் ‘கிராத்தொம்’ என்ற தாய்லாந்துப் பெயரில் கெத்தும் பொருள்கள் விற்கின்றன. அண்மை ஆண்டுகளில் அவற்றின் பக்கத்திலேயே, 7-ஹைட்ராக்ஸிமித்ரஜினைனைச் செறிவாக்கிய மாத்திரைகளும் மிட்டாய்களும் வந்து உட்கார்ந்தன. இலையின் படம் போட்டிருக்கும், உள்ளே இருப்பது இலை அல்ல. 2025 ஜூலையில் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் செறிவுப் பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இலையை விட்டுவிட்டு இதை மட்டும் குறிவைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது உதாரணம் தமிழ்நாட்டில். சென்னையிலும் பிற நகரங்களிலும் இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாகப் போலீசார் அடிக்கடி பிடிக்கும் ‘டேபெண்டடால்’ மாத்திரை, டிரமடாலின் வழியில் உருவாக்கப்பட்டது. அதன் மருத்துவச் சிறப்பே கல்லீரல் மாற்றித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். நோயாளிக்கு அது வரம். இதையே கரிசோப்ரடால் என்ற தசைத் தளர்த்தியோடு சேர்த்து இந்தியாவில் செய்து மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களுக்கு அனுப்பிவந்தது அம்பலமான பிறகு, 2025 பிப்ரவரியில் இந்திய அரசு அந்தக் கூட்டு மாத்திரைக்குக் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது.

கல்லீரல் எப்போதும் காவலன் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நஞ்சு கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். அதைக் கண்ணைப் பறிக்கும் ஃபார்மிக் அமிலமாக மாற்றுவது நம் கல்லீரலேதான். அங்கே அதைத் தடுத்து நிறுத்துவதே சிகிச்சை. தோட்டத்தில் விற்ற சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துப் பார்வை போனவர்களைப் பற்றிப் பழையவர்கள் சொல்வார்கள். காரணம் இதுதான்.

எடைக்கு எட்டாத வீரியம்

தெருவில் விற்கும் பொடியில் வீரியமான அபின் பொருள் கலந்திருப்பது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு வேதியியலைவிடக் கணக்கே நல்ல விடை தரும். பால் யான்சன் பெல்ஜியத்தில் உருவாக்கிய ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம். பழக்கமில்லாத ஒருவரின் உயிரை எடுக்க சுமார் 2 மில்லிகிராம் போதும், சில உப்புக் கற்களின் அளவு. ஒரு கிலோ பொடியில் இரண்டு கிராம் ஃபென்டனிலைக் கலப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு கிராமுக்கு 2 மில்லிகிராம். ஆனால் யாரும் சராசரியை வாங்குவதில்லை, ஒரு பொட்டலத்தை வாங்குகிறார்கள். மருந்துத் தொழிற்சாலைகள் இவ்வளவு சிறு அளவைச் சீராகப் பரப்பப் படிப்படியாக நீர்த்து, பெரிய கலவை இயந்திரங்களில் சுழற்றி, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கின்றன. வீட்டின் பின்புறத்தில் பேசினில் கரண்டியால் கலப்பவரிடம் அது எதுவும் கிடையாது. பொடி ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும், துகள்கள் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்து அடுக்கடுக்காக நிற்கும். ஒரு பொட்டலத்தில் ஒன்றுமே இருக்காது, பக்கத்துப் பொட்டலத்தில் நான்கு பேரைக் கொல்லும் அளவு இருக்கும். இரண்டையும் ஒரே கை ஒரே விலைக்கு விற்கும். முன்தினம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த நாளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இப்போது வரும் ‘நிட்டாசீன்’ வகைப் பொருள்கள் இதையும் தாண்டுகின்றன. 1950-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வலி மருந்தாகச் செய்து, வீரியம் அதிகம் என்று கைவிட்டவை. எழுபது ஆண்டு கழித்துப் பழைய ஆய்வுத்தாள்களிலிருந்து யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள். 2023 நவம்பரில் டப்ளினில் சில நாள்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மயங்கி விழுந்தபோது, ஹெராயின் என்று அவர்கள் வாங்கியதில் இது இருந்தது தெரியவந்தது.

எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்குமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஈப்போவின் தஞ்சோங் ரம்புத்தானைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், 2009 ஏப்ரலில் தொடையில் ஒரு கட்டு வைத்துக் கட்டியபடி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். குற்றச்சாட்டில் இருந்த எண் 42.72 கிராம். கட்டின் எடை அல்ல அது. கலப்படம் எல்லாம் கழித்து, உள்ளே இருந்த தூய ஹெராயினின் எடை. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை துல்லியம். 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவரைத் தூக்கிலிடத் தேவையானபோது அவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி இருக்கிறது. அந்தப் பொடி ஊசியில் ஏறப்போகும் கையில் மட்டும் அது இல்லை. ஐரோப்பாவின் சில நகரங்களில் அரசே போதைப்பொடியைச் சோதித்துச் சொல்லும் நிலையங்களை நடத்துகிறது. கேட்டால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். 1906-இல் மலாயாவின் இரண்டு புட்டிக்காரர்கள் சுளித்திருக்க மாட்டார்கள்.

கலப்படம் எப்போதும் வஞ்சகமாகத்தான் நடக்கிறது என்றும் இல்லை. தெரிந்தே கலப்பவர்களும் உண்டு. தென் தாய்லாந்தில் தொடங்கி எல்லை தாண்டி வந்த ‘நாலு நூறு’ என்ற பானத்தில் கெத்தும் நீர், கோலா, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை சேரும், இன்னும் என்னென்னவோ சேரும். அரைகுறையாக முடுக்கும் இலையோடு முழுதாக முடுக்கும் கோடீனும் தூக்கம் தரும் மருந்தும் சேர்ந்தால், முன்பு சொன்ன எல்லை காணாமல் போய்விடும். அமெரிக்காவில் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை உடலில் கெத்தும் தடயம் இருந்த 152 மரணங்களை ஆராய்ந்தார்கள். 91-இல் கெத்துமையும் காரணமாக எழுதினார்கள். கெத்தும் மட்டுமே இருந்தவை ஏழு. மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் காரணமாகச் சொல்லப்பட்டது ஃபென்டனில் வகை.

முதல் சில நிமிடங்கள்

ஒருவர் எழுப்பினால் எழவில்லை, மூச்சு வெகுநேர இடைவெளியில் கொறகொறவென்று வருகிறது, கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கியிருக்கிறது என்றால், அது தூக்கமல்ல. உதடு நீலம் பாரிக்கும் என்று புத்தகங்கள் எழுதும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் நிறத்தில் உதட்டின் உட்பக்கமும் ஈறும் நகத்தின் அடியும் சாம்பல் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 999-ஐ அழைத்துவிட்டு, மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் திறந்து நாக்கு பின்னால் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சு நின்றிருந்தாலோ அரிதாகத் திணறி வந்தாலோ, அழைப்பில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு செயற்கை மூச்சும் நெஞ்சழுத்தமும் கொடுக்க வேண்டும். வாயில் தண்ணீரோ மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது. இப்படிக் கிடப்பவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும். குளிர்ந்த நீரை அள்ளி முகத்தில் அடித்துக் காத்திருப்பதும் நேரத்தை வீணாக்கும் வேலை. என்ன குடித்தார் என்று தெரிந்தால் மிச்சமிருக்கும் பையையோ பொட்டலத்தையோ தூக்கி எறியாமல் ஆம்புலன்சோடு அனுப்ப வேண்டும். போலீஸ் பயத்தில் அதை ஆற்றில் வீசுகிறவர்கள் உண்டு. மருத்துவருக்கு இருக்கும் ஒரே துப்பு அதுதான்.

மாற்று மருந்து இருக்கிறது. நாலக்சோன். 1961-இல் அமெரிக்காவில் மோசஸ் லெவன்ஸ்டைனும் ஜாக் ஃபிஷ்மனும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஏற்பியில் ஒட்டியிருக்கும் அபின் பொருளைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஏற்பியைத் துளியும் முடுக்காது. ஊசி போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுபோன மூச்சு திரும்புவதைப் பார்த்த மருத்துவர்கள் அதைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதை மருந்துக்கடையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் பக்கத்திலுள்ள மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

நாலக்சோனின் பெரிய குறை, அது சீக்கிரம் கலைந்துவிடும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஓ-டெஸ்மெத்தில்டிரமடால் உடம்பில் பல மணி நேரம் நிற்கும். நிட்டாசீன்களில் சிலவற்றுக்கு ஒரு தடவை ஊசி போதவே போதாது. கண் விழித்து உட்கார்ந்து, ‘எனக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போறேன்’ என்று கோபமாகச் சொல்லும் ஆளின் ரத்தத்தில் அந்தப் பொருள் அப்படியேதான் இருக்கிறது. நாலக்சோன் விலகிய இடத்தில் அது மறுபடி ஏறி உட்கார்ந்தால் மூச்சு மறுபடி நிற்கும், இந்த முறை வீட்டுப் பாயில், எல்லோரும் தூங்கிய பிறகு. அதனால்தான் சுங்கை சிப்புட்டில் முதலுதவி கொடுத்தவரை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், வழியெல்லாம் மூச்சை எண்ணிக்கொண்டே ஒருவர் கூட உட்கார்ந்து போக வேண்டும். இரவு முழுதும் அங்கே வைத்துக் கவனிக்கச் சம்மதிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடக் கூடாது.